20 அங்குலக் குழாய்

அன்புள்ள மலருக்கு,

ஆலை வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்த எண்ணுகிறாய் என்று உன் தம்பி சொன்னான். மூன்று வாரமாக என்னிடம் பேசாதவள் அவனிடம் சொல்லியிருக்கிறாய். அம்மாவின் வழியில் அக்காவும் வருகிறாள் என்று அவனுக்கு மகிழ்ச்சி. எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. என் வரைபடத் தாள்களில் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தைக் கணக்கிட வரையும் மெக்கேப்–தீல் படிகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த பிள்ளைதானே நீ. இரவு ஷிப்ட் முடிந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்திய ஃபிளிக்ஸ்பரோ பாடம், அந்த இங்கிலாந்து ரசாயன ஆலை விபத்தின் கதை, உனக்கு மனப்பாடம். விரிசல் கண்ட ஐந்தாம் ரியாக்டரைக் கழற்றியவர்கள், உற்பத்தி நிற்கக் கூடாதென்று நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். அதற்கு முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட கோடுகள்தான். இரண்டு மாதம் தாங்கிய அந்த இணைப்பு 1974 ஜூன் 1 அன்று முறிந்து, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். தகுதியுள்ள இயந்திரப் பொறியாளர் ஒருவர்கூட அங்கே அப்போது இல்லை என்று சொல்லும் இடத்தில் என் குரல் உயர்ந்துவிடும் என்று கேலி செய்வாய். இல்லாதவரைக் குறை சொல்வது எனக்கு எளிதாக இருந்தது, மலர். நான் இருந்தேன்.

என் 28 வயதில், கரைப்பான் மீட்கும் கோபுரத்தின் அடித்தொட்டி நிரம்புவதை எச்சரிக்கும் அலாரம் பொய்யாக ஒலிக்கிறதென்று அதைத் துண்டிக்க அனுமதி கேட்டார்கள். ஒரு ஷிப்டுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதினொரு நாளாகியும் அது துண்டித்தபடியே கிடந்தது எனக்குத் தெரியும். மீண்டும் இணைக்கச் சொல்ல வேண்டியவளும் நான்தான். பன்னிரண்டாம் நாள் தொட்டி நிரம்பி, பொங்கிய சூடான கரைப்பானில் ஓர் ஆபரேட்டரின் இரு கைகளும் வெந்துபோயின. விசாரணையில் பெர்மிட் புத்தகத்தை எவரும் புரட்டவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. நான்கு மாதத்தில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். கற்பிக்கும் ஆசையால் ஆலையை விட்டதாகப் பணி ஓய்வு விழா மேடைவரை சொல்லிவந்தேன்.

உன் தம்பிக்கு இது தெரியாது, உன் அப்பாவிடமும் நான் சொன்னதில்லை. கற்பிக்க வருவதென்றால் வா, தடுக்க மாட்டேன். அதற்கு முன், நீ கையெழுத்திட்ட அனுமதிகளில் கெடு முடிந்தும் திரும்பப் பெறாதவை ஏதேனும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடு. இருந்தால் இன்றே சொல்லிவிடு, என்னிடம் அல்ல, உன் மேலாளரிடம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. ஞாயிறு காலை முழுவதும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா