ஹோகிடிகா வரை கூட வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா எங்கே பிறந்தார், எங்கே செத்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது. அயர்லாந்தில் டிப்பரரி கவுண்டியின் வடக்குப் பகுதியில் பிறந்தார். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் ஹோகிடிகா ஆற்றில் மூழ்கிச் செத்தார். நடுவில் ஆஸ்திரேலியாவின் பாலரட்டில் ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும். இவ்வளவையும் கண்டுபிடித்தது நான் என்று இங்கே மெல்பர்னில் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை என்று எழுத்தில் வைத்துவிடத்தான் இந்த மடல்.

ஐரிஷ் குடும்பத்துக் கதைக்குத் தமிழில் ஏன் நன்றி என்று கேட்பீர்கள். உதவியவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள், அதனால்தான். மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிவிட்டேன். குடும்பப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, டிப்பரரியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழும்.

வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை ஒன்று இருந்தது. கொள்ளுத்தாத்தா பாலரட் தங்கவயலில், யுரேகா என்ற இடத்தில் சண்டை போட்டு உயிரைவிட்டார் என்று. 1854 டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலை. தங்கம் தோண்டுவதற்கான லைசென்ஸ் கட்டணத்தை எதிர்த்து மரக்கட்டைகளால் அரண் கட்டி நின்ற சுரங்கத் தொழிலாளிகளைப் படையும் போலீசும் தாக்கிய நாள். தலைவர் பீட்டர் லாலர் ஐரிஷ்காரர். ஒரு கையை இழந்தார், மறு வருடமே சட்டசபைக்குப் போனார். அன்றிரவு அரணுக்குச் சொல்லியிருந்த அடையாளச் சொல்கூட 'வினிகர் ஹில்', 1798இல் அயர்லாந்தில் நடந்த கலகத்தின் போர்க்களம். யாருக்குத்தான் இதில் ஒரு தாத்தா வேண்டாம்? தாக்குதல் நடந்தபோது உள்ளே இருந்தது நூற்றுச் சொச்சம் பேர்தான். பாலரட்டில் 'எங்கள் தாத்தாவும் அங்கே இருந்தார்' என்பவர்கள் எல்லோரையும் கூட்டினால் அரணுக்குள் இடம் போதாது.

முதல் நன்றி, அந்தக் கதையை உடைத்தவருக்கு. பாலரட்டில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குச் சம்பளமில்லாமல் உதவும் ஒரு பெரியம்மா அவர். நான் அனுப்பிய யுரேகா கதையைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "ஆள் எப்போது கப்பலிலிருந்து இறங்கினார் என்று முதலில் பார்ப்போம்" என்று மட்டும் எழுதினார். கப்பல் பட்டியலில் இருந்தது 1857. யுரேகா முடிந்து மூன்று வருடம் கழித்துத்தான் ஆள் மெல்பர்னிலேயே கால் வைத்திருக்கிறார்.

அத்தோடு விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் நிறைய வெறுமையும்தான் மிஞ்சியிருக்கும். அவர் விடவில்லை. பாலரட் இருக்கும் விக்டோரியா மாநிலம் முழுக்கத் தேடியும் இந்த மனிதருக்கு இறப்புப் பதிவு இல்லை. ஆனால் 1870களில் பாலரட் வரிப் பதிவேட்டில் மனைவி 'விதவை' என்று இருக்கிறார். செத்திருக்கிறார், ஆனால் இங்கே சாகவில்லை. அப்போது பெரியம்மா கேட்டார்: போலீஸ் கெஜட் பார்த்தாயா?

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிக்கவிட்டு ஓடிய ஆண்கள் மேல் பிடிவாரண்ட் போட்டால், ஆளின் அங்க அடையாளங்களோடு விக்டோரியா போலீஸ் கெஜட்டில் அச்சாகும். 1866இல் எங்கள் ஆள் இருந்தார். வயது 30, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், செம்பட்டை தாடி, இடது கையில் ஒரு விரல் பாதி இல்லை, பேச்சில் அயர்லாந்து வாடை பலமாக அடிக்கும், ஹோகிடிகாவுக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகம்.

அவருக்குப் புகைப்படம் கிடையாது. அவர் எப்படி இருந்தார் என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த நாலு வரி மட்டும்தான், அதுவும் கோபத்தில் மனைவி போலீசிடம் சொல்லி எழுதவைத்தது. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். எண்பதைத் தாண்டியவர், யுரேகா கதையைக் கேட்டே வளர்ந்தவர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் பழகிவிட்டது. படித்துக் காட்டினேன். "ஓடிப்போனவனா! இதைத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் மூடி வைத்திருக்கிறார்கள்" என்று வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் அந்த மனைவியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பெரியம்மா, அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் உங்களுக்கு நன்றி.

ஹோகிடிகா என்றதும் விஷயம் புரிந்துபோனது. தங்கம் போன வழியே போயிருக்கிறார். விக்டோரியாவில் 1851இல் தொடங்கிய வேட்டை பத்து வருடத்தில் மாறிவிட்டது. மேலாகக் கிடந்ததெல்லாம் வழித்தெடுத்தாயிற்று. ஆழத்துக்குப் போக எஞ்சினும் கம்பெனியும் மூலதனமும் வேண்டும். தனி ஆள் ஒன்று கூலிக்குப் போகவேண்டும், இல்லை வேறு இடம் தேடவேண்டும். 1861 மே மாதம் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் கேப்ரியல் ரீட் தங்கம் கண்டதும் விக்டோரியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். 1864, 65இல் மேற்குக் கரை. வெறும் மணல் திட்டாகக் கிடந்த ஹோகிடிகாவில் சில மாதங்களில் ஒரு நகரமே எழுந்தது. ஆற்றுவாய் மணல் திட்டில் மோதி உடைந்த கப்பல்கள் ஏராளம். ஆனாலும் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களில் ஐரிஷ்காரர்கள் எவ்வளவு என்றால், மான்செஸ்டரில் தூக்கிலிடப்பட்ட மூன்று ஃபீனியன்களுக்காக, அதாவது அயர்லாந்து விடுதலைப் போராளிகளுக்காக, 1868 மார்ச்சில் ஹோகிடிகாவில் வெற்றுச் சவப்பெட்டியோடு ஊர்வலமே போயிருக்கிறார்கள். எங்கள் ஆள் அதில் இல்லை. அதற்குள் அவர் முடிந்துபோனார்.

அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். ஹோகிடிகாவில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், 1867ஆம் வருடச் செய்தித்தாளிலிருந்து ஆறு வரியை அனுப்பினார்: ஆற்றைக் கடக்கும்போது சுரங்கத் தொழிலாளி ஒருவர் அடித்துச்செல்லப்பட்டார், மறுநாள் மரண விசாரணை. பெயரில் இரண்டு எழுத்து பிசகியிருந்தது. இடது கை விரலை வைத்து அவர்தான் என்று உறுதி செய்தோம். அந்தக் காலத்தில் அங்கே ஆற்றில் முழுகிச் சாவதற்கு 'நியூசிலாந்துச் சாவு' என்றே பெயராம். பாலம் இல்லை, மழை நிற்பதில்லை, நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, ஆளைப் பிடித்துவிட்டோம், பெற்றோர் பெயர் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். 1876க்கு முன் நியூசிலாந்து இறப்புப் பதிவில் அதைக் கேட்கவே மாட்டார்களாம். அப்போதுதான் வெலிங்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா கைகொடுத்தார். முன்பின் தெரியாதவர், நண்பரின் நண்பர். வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போய், மரண விசாரணைக் கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார். சட்டைப்பையில் ஒரு மைனர்ஸ் ரைட், அதாவது சுரங்க அனுமதிச் சீட்டு, கொஞ்சம் சில்லறை. சாட்சி சொன்னவர் கூடாரத்தில் உடன் இருந்த கூட்டாளி. "ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடு" என்று சொல்லியிருக்கிறார். எந்த ஊர் என்று விசாரணை நடத்திய கரோனர் கேட்கவில்லை! அண்ணா, அந்தப் பக்கத்தின் கீழே நீங்கள் "கேட்டிருக்கலாம்தானே, பாவி மனுசன்" என்று எழுதி அனுப்பியதை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஊர் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று தேடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அயர்லாந்து 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. சில வயல்களும் சில வீடுகளும் சேர்ந்தால் ஒரு டவுன்லேண்ட். அது தெரியாமல் 'டிப்பரரி' என்று மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சென்சஸைப் பார்க்கலாம் என்றால், 1821 முதல் 1851 வரை எடுத்தவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு உள்நாட்டுப் போரில் எரிந்துபோனது. அடுத்த நாலு சென்சஸ்களை அரசாங்கமே அழித்துவிட்டது. முழுசாகக் கிடைப்பது 1901இலிருந்துதான். 1840களின் பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறிய தலைமுறையைப் பற்றிய காகிதங்கள்தான் இப்படிப் போயின.

வழி திறந்தது அவருடைய தங்கை மூலம். பாலரட்டுக்குப் பக்கத்தில் பங்கரீ என்ற ஊர் உண்டு, ஐரிஷ்காரர்கள் உருளைக்கிழங்கு போட்டு வாழ்ந்த செம்மண் பூமி. ஓடிப்போனவரின் தங்கை அரசாங்க உதவியோடு கப்பலேறி வந்து அங்கே குடும்பம் நடத்தி, வயதாகிச் செத்திருக்கிறார். விக்டோரியாவில் 1853 ஜூலையில் தொடங்கிய சிவில் பதிவில் ஓர் இறப்புச் சான்றிதழ் கேட்கும் விவரம் ஏராளம்: அப்பா, அம்மா, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், கல்யாணம் நடந்த இடம், பிள்ளைகளின் பெயரும் வயதும், குடியேற்ற நாட்டில் எத்தனை வருடம். எல்லாம் யார் வந்து பதிந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆஸ்பத்திரிச் சிப்பந்தி பதிந்தால் 'தெரியாது, தெரியாது' என்று வரும். இங்கே வந்து பதிந்தது மூத்த மகள். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் வரை சொல்லியிருக்கிறாள். அவளே கல்லறையிலும் அம்மாவின் பங்கின் பெயரை, அதாவது அயர்லாந்தில் அவர் சேர்ந்திருந்த கோவில் வட்டாரத்தின் பெயரைச் செதுக்கவைத்திருக்கிறாள். எழுத்து இப்போது மழையில் கரைந்துவிட்டது. ஆனால் பல வருடங்களுக்கு முன்பே தன்னார்வலர்கள் கல்லறை கல்லறையாகக் குனிந்து படித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. யாருக்காக எழுதுகிறோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. ட்ரோவ் என்ற ஆஸ்திரேலிய இணையதளத்தில் பழைய செய்தித்தாள்களின் பிழையான எழுத்துகளைப் பொழுதுபோக்காகத் திருத்திக்கொண்டிருப்பவர்களும் அப்படித்தான். தங்கையின் இரங்கல் செய்தியில் பெயரைச் சரியாகத் திருத்தி வைத்த அந்த முகம் தெரியாதவர் இல்லாவிட்டால் தேடுபொறிக்கு அது அகப்பட்டே இருக்காது.

பங்கு தெரிந்த பிறகு வேலை எங்கள் ஊர் பக்கம் வந்தது. அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் கத்தோலிக்கப் பங்குகளின் பழைய பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கக் கொடுத்துவிட்டது. ஆனால் கறைபடிந்த மைக்ரோஃபிலிம், கோழிக் கிறுக்கல், அதிலும் லத்தீன். தூத்துக்குடியில் ஓய்வில் இருக்கும் எங்கள் ஃபாதர் சித்தப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். செமினரியில் படித்த லத்தீன் இதற்குத்தான் உதவ வேண்டுமென்று இருந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வாசித்தார். யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், பிரிஜிடா என்றால் பிரிஜிட் என்று தொடங்கி, கடைசியில் ஞானப்பெற்றோர் பெயரில் விரலை வைத்தார். "ஞானத்தகப்பன் பேரைப் பாரு, உன் ஹோகிடிகா சாட்சியோட குடும்பப் பேரு." பக்கத்து வீட்டுக் கூட்டாளி! தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊரில் மட்டுமில்லை, அங்கேயும் மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர்தான் என்று அவரே சொல்லித்தந்தார். பாலரட்டில் பிறந்த மூத்த பையன் பெயரும் பொருந்தியது. சித்தப்பா, கண்புரை ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி உங்களை இப்படி உட்கார வைத்ததற்கு வீட்டில் இன்னும் என்னைத் திட்டுகிறார்கள். நன்றி.

டப்ளினில் நர்ஸாக இருக்கும் தங்கச்சி, நைட் டியூட்டி முடிந்த கையோடு போய் நில மதிப்பீட்டுப் புத்தகங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒவ்வொரு நிற மை; குடியிருந்தவர் பெயரை அடித்து அடுத்தவர் பெயரை எழுதியிருப்பார்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா, அண்ணன், அண்ணன் மகன் என்று மூன்று மைகளில் ஒரே குடிசையைத் தொடர்ந்து வந்து 1901 சென்சஸில் விட்டாள். அந்தப் பங்கின் அலுவலகத்தில் இருக்கும் அம்மாவுக்கும், மாட்டை நிறுத்திவிட்டு வந்து இடிந்த சுவரைப் படம் எடுத்து அனுப்பிய விவசாயிக்கும் நன்றி.

பணம் வாங்கிக்கொண்டு அழகாக அச்சடித்த வம்சவரைபடம் அனுப்பியவர்களும் உண்டு. அதில் எங்கள் ஆள் யுரேகாவில்தான் செத்தார். அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

இந்த வேலையில் இன்னொன்றும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, சொல்லாமல் விட மனமில்லை. பாலரட் வாதவுருங் பழங்குடி மக்களின் நிலம். மேற்குக் கரையை நியூசிலாந்து அரசு 1860இல் அங்கிருந்த ங்காய் தாஹு மாவோரிகளிடமிருந்து வாங்கியது 300 பவுனுக்கு. நாலு வருடத்தில் அதே மண்ணில் தங்கம். நிலத்திலிருந்து விரட்டப்பட்ட ஐரிஷ்காரர்கள் வந்திறங்கியது இன்னொருவர் நிலத்தில். அத்தைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று பெரியம்மாதான் ஒரு குறிப்பை இணைத்து அனுப்பினார்.

திரட்டிய எல்லாவற்றின் பிரதியையும், போலீஸ் கெஜட் உட்பட, பாலரட்டிலும் ஹோகிடிகாவிலும் உதவியவர்களிடம் கொடுத்துவிட்டேன். அத்தையின் நிபந்தனை ஒன்றுதான்: எதையும் மெழுகக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அவர் விட்டுப்போன பிள்ளைகளில் இளையவன் 1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கிறான். கிளேர் கவுண்டியில் பிறந்த பாடி ஹானன் 1893 ஜூனில் கல்கூர்லியில் தங்கம் கண்ட பிறகு பாலரட்டே அங்கே திரும்பியது, இவனும் கூடவே. 1896க்குப் பிறகு ஆளைக் காணோம். பெர்த்திலோ கல்கூர்லியிலோ நம்மவர் யாராவது இருந்தால், ஒரு நாள் காப்பகம் பக்கம் போய்வர முடிந்தால், சொல்லுங்கள். பெயரும் பிறந்த வருடமும் தனியாக அனுப்புகிறேன். சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் என் பொறுப்பு.

அன்புடன்,
பாலரட் குடும்பத்தின் தூத்துக்குடி மருமகள்