வசந்திக்கு, பாபு விஷயமா

அடியே வசந்தி,

பொண்ணு மார்க் பாத்தேன், ரொம்ப சந்தோஷம், ஸ்வீட்ட மட்டும் மறைச்சிட்ட பாரு. கிராம்பு டீச்சர் மஞ்சக்குப்பத்துல தென்பட்டாங்க, உன்னத்தான் கேட்டாங்க. சரி, நான் எழுதறது பேச்சு வராத தம்பி பாபுவுக்காக.

போன மாசம் பாபு ராத்திரியெல்லாம் கன்னத்துல படார் படார்னு அடிச்சிக்க ஆரம்பிச்சான். டாக்டர்கிட்ட காட்டுனா "இந்த மாதிரி ஆளுங்க இப்படித்தாம்மா"ன்னு தூக்க மாத்திரை எழுதிட்டாரு. அம்மா விடல, "தயிர்சோத்தக்கூட ஒரு பக்கமாவே மெல்றான், வாயப் பாருங்க"ன்னு சண்ட போட்டு பல் டாக்டர்கிட்ட இழுத்துட்டு போனாங்க. கடவாப்பல்லுல சீழ்! புடுங்குனதும் அடிச்சிக்கறது நின்னே போச்சு. எனக்கு இன்னும் கோவம் ஆறலடி. எல்லாத்தையும் மூளை வளர்ச்சிக் குறைவு மேலயே போட்டுட்டா வலிய யாரு தேடுவா?

அப்பறந்தான் தேடித்தேடி படிச்சேன். கனடாக்காரங்க பேச முடியாத பசங்களோட வலிய 30 கேள்வி வச்சி அளக்கறாங்க, ஆனா அது 3லேருந்து 18 வயசு வரைக்கும்தான், நம்ம பாபுவுக்கு 34. இங்கிலாந்துல க்ளாட் ரெக்னார்ட்னு ஒரு டாக்டரோட டீம் 2007ல டிஸ்டாட்னு ஒரு ஃபார்ம் பத்தி எழுதியிருக்காங்க, அதுதான் என்னைப் புடிச்சிகிச்சு. மார்க்கே கிடையாதுடி. நல்லா இருக்கறப்ப முகம், சத்தம், உக்கார்ற விதம் எப்படி, தவிக்கறப்ப எப்படின்னு கூட இருக்கறவங்க எழுதி வைக்கணும், அவ்ளோதான். வலிக்குன்னு தனியா ஒரு அடையாளம் கிடையாதாம், பயமோ மலச்சிக்கலோ எல்லாம் ஒரே மாதிரியும் தெரியலாம், ஆளுக்கு ஆளு வேற. தவிக்கறான்னு தெரிஞ்சா பல்லு, காது, வயிறுன்னு நாமதான் தேடணும்.

சில்வர் பீச்ல அலை கால்ல பட்டா கண்ண இறுக்கி மூடிகிட்டு முனகுவானே, பாக்கறவங்க பயப்படறான்னு இழுக்க வருவாங்க, அது அவன் குஷின்னு நமக்குத் தெரியும். சத்தமே போடாம கட்டவிரல உள்ளங்கைக்குள்ள மடக்கிகிட்டா முடியலன்னு அர்த்தம், அது அம்மாவுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு! அம்மாவுக்கு 71 ஆச்சுடி. நாளைக்கு அவங்க படுத்துட்டா, இல்ல பாபுவையே அட்மிட் பண்ணா, அந்த நர்ஸுக்கு யாரு சொல்லுவா? அதான் தினம் சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டுல எழுதறேன்.

நீயும் அவன இடுப்புல தூக்கிகிட்டு திரிஞ்சவதானே. பொங்கலுக்கு வந்தப்ப உன் வளையலப் புடிச்சிகிட்டு ஒரு சத்தம் போட்டானே, அது எங்க யாருக்கும் புரியல. அப்ப அவன் முகம் எப்படி இருந்துச்சு, கை எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கறத அப்படியே எழுதி அனுப்பு, நோட்டுல சேக்கணும்.

மல்லிகா