பயனுள்ளதை மட்டும் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, இனிக் கதையோ கவிதையோ படிப்பதாக இல்லை என்றும், வேலைக்கும் முன்னேற்றத்துக்கும் உதவும் நூல்களின் சுருக்கங்களைச் செயலியில் கேட்டுக்கொள்வதே போதும் என்றும் சொன்னாய். "கல்வி கரையில, கற்பவர் நாள்சில" என்று நாலடியாரையும் துணைக்கு அழைத்தாய். அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாடலின் பாதியைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். வாழ்நாள் குறைவு, நோய்கள் பல, ஆகவே நீரை ஒழித்துப் பாலை உண்ணும் பறவையைப் போலத் தெரிந்து கற்க வேண்டும் என்கிற அதே பாடலில் 'தெள்ளிதின் ஆராய்ந்து' என்ற சொற்களும் இருக்கின்றன. ஆராயும் வேலை கற்பவனுடையது. நீ கேட்கும் சுருக்கத்திலோ எது பால், எது நீர் என்பதை உனக்கு முன்பே வேறொருவர் முடிவு செய்துவிட்டார். ஆசிரியர் எந்த இடத்தில் தயங்கினார், எந்தச் சான்றைக் கண்டு தன் கருத்தைத் திருத்திக்கொண்டார், எந்த மறுப்புக்கு அவரிடம் விடை இல்லை என்பவையெல்லாம் அங்கே கழிந்துபோக, முடிவு மட்டும் உன் கைக்கு வருகிறது. பிறர் கண்ட முடிவுகளையே ஆண்டுக்கணக்கில் சேர்த்துவரும் ஒருவர், தானாக ஒரு முடிவுக்கு வரவேண்டிய நாளில் திணறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீயும் அப்படி ஆகிவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

படிப்பதை நாம் தேர்ந்தெடுப்பது போலவே, படிக்காமல் விடுவதையும் தேர்ந்தெடுக்கிறோம். விடுவது நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் துயரமான சான்று, சார்லஸ் டார்வின் 1876-ல் தன் குடும்பத்தாருக்காக எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் இருக்கிறது. இளமையில் அவருக்குக் கவிதை பேரின்பமாக இருந்தது. பீகிள் கப்பற்பயணத்தில் கரையிறங்கிச் செல்லும்போது ஒரே ஒரு நூலைத்தான் எடுத்துச் செல்லலாம் என்றால் அவர் எடுத்துக்கொண்டது ஆங்கிலக் கவிஞர் மில்டனைத்தான். முப்பது வயதைக் கடந்து சில காலம் ஆன பின் அந்தச் சுவை மெல்ல மெல்லப் போய்விட்டது. முதுமையில் ஒரு வரிக் கவிதையைக்கூடத் தாங்க முடியவில்லை என்றும், ஷேக்ஸ்பியரைப் படிக்க முயன்றபோது குமட்டலே வந்துவிட்டது என்றும், திரண்ட தகவல்களிலிருந்து பொதுவிதிகளை அரைத்தெடுக்கும் எந்திரம்போலத் தன் மனம் ஆகிவிட்டதாகத் தோன்றுகிறது என்றும் எழுதுகிறார். நாவல்களை யாராவது படித்துக்காட்டக் கேட்பதில் அவருக்கு மகிழ்ச்சி மிஞ்சியிருந்தது. மறுபடி ஒரு வாழ்வு கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்சம் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்கிறார். அந்தச் சுவைகளை இழந்ததால் போனது மகிழ்ச்சி மட்டுமல்ல, அது அறிவையும் பாதிக்கலாம், ஒழுக்க இயல்பை இன்னும் அதிகமாகவே பாதிக்கக்கூடும் என்பது அவருடைய கணிப்பு. உலகத்தின் சிந்தனையையே திருப்பிய ஒருவர் தன் மனத்தைப் பற்றி இப்படி எழுதியதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர். தந்தையின் கண்டிப்பான பயிற்சியில் மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் தொடங்கி, தர்க்கமும் பொருளியலுமாக வளர்ந்தவர். 1826-ல், இருபது வயதில், தான் பாடுபடும் சீர்திருத்தங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டால் மகிழ்ச்சி வருமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வராது என்று மனம் சொன்னது. மாதக்கணக்கில் இருண்டு கிடந்தார். மார்மோன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் இனிக் குடும்பத்துக்கு எல்லாமாகத் தானே இருப்பேன் என்று உணரும் இடத்தைப் படித்தபோது கண்ணீர் வந்தது. அன்று முதல் பாரம் குறைந்தது. 1828-ல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரை மேலும் மீட்டன. இதற்காக அவர் பகுத்தாய்வைக் கைவிடவில்லை. அதற்குத் துணையாக இன்னொன்றும் வேண்டும் என்று கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஆய்வுச் சான்று உண்டா என்று நீ கேட்பாய். இலக்கியக் கதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடுகிறது என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. பின்னர் மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அதை வைத்து உன்னிடம் வாதாட மாட்டேன். நீண்ட காலம் கதை படித்துவந்தவர்களிடம் அத்திறன் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. எது காரணம், எது விளைவு என்பது அவற்றிலும் முழுதாகத் தெளிவாகவில்லை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ ஏற்கெனவே நம்புவதை உறுதிப்படுத்தும் நூல்களையே உன் பட்டியலில் பார்த்தேன். மாற்றுக் கருத்தைப் படித்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 1979-ல் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர்கள், மரண தண்டனையை ஆதரிப்போருக்கும் எதிர்ப்போருக்கும் இரு பக்கத்து ஆய்வுகளையும் படிக்கக் கொடுத்தபோது, தன் பக்கத்து ஆய்வை எளிதில் ஏற்று எதிர்ப்பக்கத்து ஆய்வில் குறை தேடிய இரு தரப்பினரும் முன்னைவிடத் தங்கள் நிலையில் இறுகியதாகவே சொன்னார்கள். இதற்கு மருந்தும் டார்வினிடமே கிடைக்கிறது. தன் முடிவுகளுக்கு மாறான தகவலோ எண்ணமோ எதிர்ப்பட்டால் தவறாமல் உடனே குறித்துக்கொள்வதை அவர் பல ஆண்டுகள் விதியாகக் கடைப்பிடித்தார். சாதகமானவற்றைவிட இத்தகையவையே விரைவில் மறந்துபோகின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்.

அடுத்த முறை வரும்போது ஒரு குறிப்பேடு கொண்டு வா. உனக்குச் சற்றும் உடன்பாடில்லாத ஒரு நூலை முழுமையாகப் படித்து, அதன் வாதத்தை அதை நம்புகிறவரே 'சரியாகச் சொல்லியிருக்கிறாய்' என்று ஒப்பும்படி இரண்டு பக்கம் எழுது. நானும் அப்படியே ஒன்று எழுதி வைக்கிறேன், நூலை நீயே எனக்குச் சொல். அதோடு ஒரு கவிதைத் தொகுப்பையும் அனுப்புகிறேன். அதற்குச் சுருக்கம் தேடாதே, இரவில் ஒரு பக்கம் மட்டும் வாய்விட்டுப் படி.

அன்புடன்,
அக்கா