உன் வாசலில் படுத்திருப்பவர்கள்

சென்னை,
ஆடி 12

அன்புள்ள குமாரசாமி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மும்பையில் மழை விடாமல் கொட்டுகிறது என்றும், செல்விக்கு முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டாவது செய்தியைக் கேட்டு என் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் அன்று. உங்கள் குடியிருப்புக்கு எதிரே மேம்பாலத்தின் அடியில் படுத்திருப்பவர்களை அகற்றக் கோரும் மனுவில் நீயும் கையெழுத்திட்டதாகவும், அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றும் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வது போல எழுதிவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று சில நாள் யோசித்தேன்.

என் கதையை முதலில் கேள். பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள், ஞாயிறுதோறும் நானும் பழைய சக ஆசிரியர்கள் மூவரும் சாம்பார் சாதப் பொட்டலங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போய்க் கொடுத்து வந்தோம். கண்ணாடியை இறக்கிப் பொட்டலத்தை நீட்டுவோம். ஒருவர் அதைப் படம் எடுப்பார். ஓர் அமாவாசையன்று பெரியவர் ஒருவர் கையை நீட்டாமலே, "ஐயா, காலையிலேர்ந்து இது நாலாவது பொட்டலம். சோறு வேணாம். குளிக்க எங்கயாவது எடம் இருக்கா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளாமல் கேள்வி கேட்கிறாரே என்ற கோபம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், இரண்டு ஆண்டுகளில் அங்கே யாரிடமும் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை என்பது உறைத்தது.

நம் சேலத்தில் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா நடக்கும்போது தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்களே, நினைவிருக்கிறதா? தறிக்காரர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள், வேலையற்றவர் என எல்லோரும் ஒரே வரிசையில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்போம். வாங்கிக் குடித்தவன் எவனும் தன்னை இரந்தவனாக நினைத்ததில்லை, ஊற்றியவரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் காருக்குள் இருந்தபடி நீட்டிய பொட்டலத்தில் அந்த வரிசை இல்லை. சோறு அதே சோறுதான்.

அதற்கும் முன்பே எனக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கென்று பிப்ரவரி 28-ஆம் தேதி இரவை ஒதுக்கியிருந்தார்கள். கணக்கெடுப்பாளர்களாகச் சென்ற ஆசிரியர்களில் நானும் ஒருவன். டார்ச் விளக்கோடு பாரிமுனைப் பக்கம் நடந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிப் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில் என்று கேட்டு எழுதினோம். மூடிய கடையொன்றின் படியில் படுத்திருந்தவரின் அழுக்கு வேட்டியைப் பார்த்துவிட்டு, வேலை இல்லாதவர் என்று குறிக்கப் போனேன். அவர் எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டில் சங்கிலியால் பூட்டியிருந்த மீன்பாடி வண்டியை, அதாவது மூன்று சக்கரச் சுமை வண்டியைக் காட்டி, "இருபது வருசமா மூட்டை ஏத்துறேன், அத எழுதுங்க சார்" என்றார். எழுதினேன். அந்த ஓரிரவில் நாடு முழுவதும் எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். எழுப்பப்படாதவர்களும் எங்கள் கண்ணில் படாதவர்களும் இந்தக் கணக்கில் இல்லை.

இப்போது வாரத்தில் இரண்டு மாலைகள் நகரத்தில் உள்ள ஓர் இரவுக் காப்பகத்துக்குப் போய் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிறேன். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும், அது ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வலியுறுத்தியது. பின்னர் வந்த மத்திய அரசின் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று வரையறுத்தது. ஆனாலும் அழைத்தால் எல்லோரும் வந்துவிடுவதில்லை. இடம் இருந்தும் வர மறுக்கிறார்கள் என்று நம்மைப் போன்றவர்கள் சலித்துக்கொள்வோம். காரணத்தைக் கேட்டால் சொல்கிறார்கள்: கணவன் ஒரு காப்பகத்திலும் மனைவி வேறொன்றிலும் தங்க வேண்டியிருக்கும், விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தையில் நின்றால்தான் அன்றைய கூலி, வண்டியை வெளியே விட்டால் காலையில் இருக்காது. வந்து தங்குபவர்கள் முதலில் விசாரிப்பது பூட்டுப் போட்ட பெட்டி உண்டா என்பதைத்தான். நடைபாதையில் பணம் போனால் மறுநாள் சம்பாதித்துவிடலாம். ஆதார் அட்டை போனால், புதிய அட்டை அஞ்சலில் வந்து சேர முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாம் இந்த ஒரு முடிச்சில்தான் சிக்கிக் கிடக்கின்றன. நான் எழுதும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவை.

இனி உன் மேம்பாலத்துக்கு வருகிறேன். நீ மும்பைக்குப் போய்ச் சேர்ந்த காலத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவானது உனக்குத் தெரியுமா? சேலத்தில் நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியால் வேலையின்றி 1961-இல் பம்பாய்க்குப் போய், தகிசரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்தார். நெடுஞ்சாலை ஓர நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் படுதாவும் கொண்டு மறைத்த இடத்துக்காக ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருக்கிறான். 1981 ஜூலையில், இதே போன்ற மழைக்காலத்தில், மாநகராட்சி அந்தக் குடிசையை இடித்து, அவரையும் மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றி அனுப்பியது. மனைவியும் மக்களும் சேலத்திலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்குத் திரும்பி மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் ஒண்டிக்கொண்டார். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31-க்குப் பிறகு குடிசைகளை அகற்றலாம் என்றும் சொன்னது. சட்டம் படித்தவர்கள் முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு மனத்தில் நிற்பது அந்தப் பேருந்துதான். ஏற்றி அனுப்பியவர்கள் அவர் எதற்காக வந்தார் என்று கேட்டிருந்தால், பேருந்துக் கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.

பாலத்தின் அடியில் இருப்பவர்களின் குழந்தைகள் சாலையோரத்தில் மலம் கழிக்கிறார்கள் என்று உங்கள் மனுவில் எழுதியிருப்பதாகச் சொன்னாய். அது பொய் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் காலை நடையில் முகம் சுளிப்பேன். ஆனால் கட்டணக் கழிப்பறைக்கு ஐந்து பேர் குடும்பம் நாள் முழுவதும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். வங்கியில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நீ. இரவில் கூச்சலிடும் பெண்ணைப் பற்றியும் எழுதியிருந்தாய். அவருக்கு மனநோய் இருப்பதாகத் தோன்றினால் காவல்துறை விரட்டக் கூடாது, லாக்கப்பில் வைக்கவும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் மனுக் கொடுப்பதானால் இதற்கு ஒன்று கொடுக்கலாம். பக்கத்தில் ஓர் இலவசக் கழிப்பறை வேண்டும் என்று இன்னொன்றும் கொடுக்கலாம். முதல் மனுவுக்கு விழுந்த கையெழுத்துகள் இவற்றுக்கு விழப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டுமா என்று நீ நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டதாக எடுத்துக்கொண்டே சொல்கிறேன், இப்போதைக்கு அதை விடு. அதற்கு முன்பு ஒருநாள் மாலை, கையில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் கீழே இறங்கிப் போய் அவர்களோடு பேசிப் பார். பிஸ்கட் பொட்டலம்கூட வேண்டாம். அது இருந்தால் பேச்சு அதைச் சுற்றியே நின்றுவிடும். உன் நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் காவலாளியின் பெயர் வருகிறது, பக்கத்து வீட்டு நாயின் பெயர்கூட வருகிறது. ஐந்து வருடமாக நீ கடந்து போகிற அந்தப் பாலத்தின் அடியில் இருப்பவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது. எந்த ஊர் என்பதையும் கேட்டு எழுது.

தை மாதம் அங்கே வரலாம் என்று இருக்கிறோம். செல்வி கேட்ட பருப்புப் பொடியைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் தெரிவிக்கச் சொல்.

அன்புடன்,
சுப்பிரமணியன்