கேமராக்களின் கூர்மையை ஒப்பிடும் முறை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இரண்டு டிஜிட்டல் கேமராக்களால் எடுத்த மாதிரிப் படங்களை அருகருகே அச்சிட்டு, எது கூர்மையானது என்ற முடிவை வாசகர்களிடமே விட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். விளம்பரத்தை நம்பாமல் படத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொன்ன நோக்கம் பாராட்டத்தக்கது. எனினும், அந்த இரு படங்களை வைத்துக் கூர்மையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது. திருமணப் படமெடுக்கும் தொழிலுக்காகக் கடன் வாங்கிக் கேமரா வாங்கும் இளைஞர்கள் இத்தகைய பக்கங்களைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

செய்தித்தாளில் படங்கள் பொதுவாக அங்குலத்துக்கு 85 முதல் 100 கோடுகள் கொண்ட புள்ளித்திரையில், அதாவது சிறு மைப்புள்ளிகளின் வரிசைகளாக, அச்சாகின்றன. கோட்டுக்கு இரண்டு பிக்சல் என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள படத்துக்கு அங்கே சுமார் 800 பிக்சல்களே போதும். 24 மெகாபிக்சல் கேமரா தருவதோ ஏறக்குறைய 6000 பிக்சல் அகலமுள்ள படம். அதை முழுமையாகச் சுருக்கி அச்சிட்டால் எந்தக் கேமராவின் படமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி அச்சிடலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2012இல் வெளிவந்த நிக்கான் டி800 படத்தின் அகலம் 7360 பிக்சல். அதே ஆண்டின் கேனான் 5டி மார்க் 3 படத்தின் அகலம் 5760 பிக்சல். ஒரே காட்சியை எடுத்த இரண்டையும் திரையில் நூறு சதவீத அளவில், அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்ற கணக்கில், பார்த்தால், நிக்கான் படத்தில் அதே முகம் சுமார் 28 சதவீதம் பெரிதாகத் தெரியும். லென்ஸின் குறையும் கையின் நடுக்கமும் அதே விகிதத்தில் பெரிதாகும். இரு படங்களையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, கேமராவுக்குள்ளேயே நடக்கும் கூர்மையேற்றம். ஜேபெக் கோப்பை உருவாக்கும்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு உகந்த அளவில் விளிம்புகளின் மாறுபாட்டைக் கூட்டுகிறது. ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் அளவு உயரும்போது, இரைச்சலை (படத்தில் தோன்றும் புள்ளிப்புள்ளியான கறையை) குறைக்கிறேன் என்று நுண்விவரங்களை அழித்தும் விடுகிறது. ஒரே கேமராவில் கூர்மையேற்ற அமைப்பை இரண்டு படி உயர்த்திப் படமெடுத்தால், விவரம் எதுவும் கூடாமலேயே அது 'வென்றது' போலத் தோன்றும். ஆகவே, இத்தகைய மாற்றங்களுக்கு முன் சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளை ஒரே மென்பொருளில், ஒரே அமைப்பில் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நிக்கான் டி800, டி800இ ஆகிய இரண்டும் இதற்கு மிக நல்ல பாடம். சென்சார் ஒன்றே, முன்னதில் நுண்விவரங்களைச் சற்றே மங்கச் செய்யும் வடிகட்டி இருக்கிறது, பின்னதில் அதன் விளைவு நீக்கப்பட்டிருக்கிறது. நல்ல லென்ஸின் ஒளி புகும் துளையை எஃப் 5.6 அளவில் வைத்து எடுத்தால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறியதாகும்) துணியின் இழைகளில் வேறுபாடு தெரியும். சில துணிகளில் டி800இ படத்தில் வண்ண அலைகளும் தோன்றும். டி800 படத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கூர்மையேற்றினால் இடைவெளி பெரிதும் குறையும். எஃப் 16 அளவுக்குத் துளையைச் சுருக்கினாலோ, ஒளியின் விளிம்பு வளைவினால் ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரோமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. பிக்சலின் அகலமோ 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அங்கே இரு கேமராக்களையும் பிரித்தறிவது கடினம். துளையின் அளவைச் சொல்லாத மாதிரிப் படம் எதையும் நிரூபிக்காது என்று நான் கருதுவது இதனால்தான்.

ஃபோகஸ் ஒரு விரற்கடை தவறினாலும் சோதனை வீணாகும் என்பதால், ட்ரைபாடில் வைத்து, டைமர் மூலம், ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து பல படங்கள் எடுத்து அவற்றில் சிறந்ததைத் தேர்வது அவசியம்.

இனி இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது லென்ஸ், துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, கோப்பின் வகை, கூர்மையேற்றத்தின் அளவு ஆகியவற்றைப் படத்தின் கீழேயே தரும்படியும், மூலக் கோப்புகளைத் தங்கள் இணையதளத்தில் வாசகர்கள் தரவிறக்கிப் பார்க்கும்படி வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒளிப்படம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்