தேதி போடாத அட்டவணை வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

ஜனவரி இதழின் நடுப்பக்கத்தில் ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையை வெளியிட்டிருந்தீர்கள். கணக்கில் பிழையில்லை. மொத்தம் 1,189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1,196. ஏழு நமக்கு லாபம்கூட. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தலையில் ஐந்தைக் கட்டியது யார் யோசனையோ! ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், அதற்குமேல் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சமையல். சபைக் குடும்பங்களுக்கு வாரத்திலேயே நேரம் கிடைக்காத நாள் அதுதான்.

இந்த வேகத்தில் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 முடிந்து ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். அதில் குஷ்டரோகப் பிரமாணம் வருகிற 13, 14ஆம் அதிகாரங்கள் மட்டும் 116 வசனம். பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். வேலைநாள் நான்கு விட்டுப்போனால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. கட்டத்துக்குக் கட்டம் தேதி போட்டிருப்பதால் அந்தப் பாக்கி தினமும் முகத்தைப் பார்க்கிறது. அடைத்துவிட வேண்டுமென்று புரட்டினால் படித்தது ஒன்றும் மனதில் தங்குவதில்லை. பிறகு அட்டவணையே பைபிளுக்குள் காணாமல் போகும்.

நேரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. புதிய ஏற்பாடு 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக 260. பழைய ஏற்பாட்டில் சங்கீதம் என்ற பாடல் புத்தகம் நீங்கலாக 779. அதிலும் தினம் ஒன்று என்றால் மூன்று வருடத்தின் 780 வேலைநாளில் முடிந்துவிடும், ஒரு நாள் மிச்சம். சங்கீதத்துக்குச் சனிக்கிழமை. மூன்று வருடத்தில் 156 சனி. 119ஆம் சங்கீதத்தை விட்டால், வாரம் ஒன்றாக 149 சங்கீதம். மீதி ஏழு சனியும் 119க்கு. எட்டெட்டு வசனமாக 22 பிரிவு இருப்பதால் ஆறு வாரம் மும்மூன்று பிரிவு, ஏழாம் வாரம் நான்கு. விட்டுப்போன அதிகாரத்துக்கும் சனிதான் நாள். ஞாயிறு, ஆலயத்தில் வாசிப்பதைக் கவனித்துக் கேட்டாலே போதும்.

அதிகாரமாக எண்ணுவதில் ஒரு சங்கடம், அளவு ஒன்றுபோல் இராது. எண்ணாகமம் 7இல் 89 வசனம், லூக்கா 1இல் 80. சங்கீதம் 117இல் இரண்டே வசனம். நீண்டவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து அச்சிட்டால் அன்றைக்குக் கால் மணி முன்னதாக எழுந்துகொள்வார்கள்.

விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் பூ கொண்டுபோகிறவர்களுக்கும் வீட்டில் மல்லிகை கட்டுகிற பெண்களுக்கும் கையில் புத்தகம் பிடிக்க முடியாது. அவர்களுக்குப் போனில் ஒலி வேதாகமம் நல்ல துணை. மாற்கு, ரூத், அப்போஸ்தலர் நடபடிகள் போன்ற சம்பவ நடையுள்ளவை காதுக்கு ஏற்றவை. நிருபங்கள், அதாவது அப்போஸ்தலர்கள் எழுதிய கடிதங்கள், அப்படியல்ல. எபேசியர் 1:3–14 கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். காதால் கேட்டால் பாதியிலேயே நூல் அறுந்துவிடும், கண்ணால் திரும்பிப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டு நெட்டை அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் மணி அடிக்கும்.

மாத இதழ்கள் விஷயம் சுருக்கமானது. வந்த அன்றே பொருளடக்கத்தில் இரண்டு கட்டுரைக்குப் பென்சில் குறி போட்டு, அந்த இரண்டை மட்டும் படித்து, அடுத்த இதழ் வருமுன் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். தங்கள் இதழும் இதற்கு விலக்கல்ல, மன்னிக்கவும்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது தேதிக்குப் பதில் 'வாரம் 1, வாரம் 2' என்று வெறும் கட்டமாகப் போடுங்கள். ஜூன் மாதத்தில் ஒருவர் தொடங்கினாலும் பயன்படும். ஜனவரி அட்டவணையைக் கத்தரித்தால் பின்பக்கத்து மிஷனெரி வரலாறு பாதியாகப் போய்விடுகிறது. ஆகவே பின்பக்கத்தில் விளம்பரம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
சபை நூலகப் பொறுப்பாளர்,
அரசரடி, மதுரை.