கார்த்தஹேனாவிலிருந்து ராணிக்கு

அன்புள்ள ராணி,

நலம். நீயும் அண்ணனும் பேத்தியும் நலம்தானே? உன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தது போதும், போய் ஒரு எக்ஸ்ரே எடு. நாம் நர்ஸாக இருந்தபோது ஊருக்கெல்லாம் எடுக்கச் சொன்னவள் நீ.

போனில் சொல்லலாம் என்றால், நான் பாதி சொல்வதற்குள் நீ பேத்தியை அதட்டப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

மகளுடைய கம்பெனி மாநாடு கொலம்பியாவில் நடந்தது. கரீபியன் கடலோரத்தில் கார்த்தஹேனா என்று ஒரு ஊர். "வீட்டில் தனியாக என்ன பண்ணப்போகிறாய், நீயும் வாம்மா" என்று மயாமியிலிருந்து கூட்டிக்கொண்டு போனாள். ஊரைப் பற்றிச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1533-ல் ஸ்பானியர்கள் உண்டாக்கிய துறைமுகம். இந்தக் கண்டத்தின் தங்கமும் வெள்ளியும் இந்த வழியாகத்தான் ஸ்பெயினுக்குப் போயின. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கியதும் இங்கேதான். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஊரைச் சுற்றிக் கட்டிய கல் மதில் இன்னும் நிற்கிறது. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மஞ்சளும் காவியும் நீலமுமாக வீடுகள், மர பால்கனிகளில் காகிதப்பூ. புழுக்கம் நம் ஊர் சித்திரை மாதிரிதான். தெருவில் மாங்காயைக் கீறி உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு வாங்கித் தின்றேன். உன் சர்க்கரைக்குக் கெடுதல் இல்லை, நீ வந்திருந்தால் நாலு தின்றிருப்பாய்.

நாங்கள் தங்கிய ஹோட்டலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வாடகை எவ்வளவு என்று மகள் கடைசிவரை சொல்லவே இல்லை. 1621-ல் கட்டிய சாந்தா கிளாரா கன்னியர் மடம் அது. நடுவில் பெரிய முற்றம், தென்னையும் கொடிகளும் அடர்ந்து இருட்டாகக் கிடக்கிறது. சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். சுவரின் கனத்தை ஜன்னல் திண்டில் உட்கார்ந்து பார்த்தேன், கால் நீட்டிப் படுக்கலாம் போல இருந்தது. முற்றத்தில் டூக்கான் பறவை ஒன்று, தன் உடம்பில் பாதி நீளத்துக்கு மூக்கை வைத்துக்கொண்டு, விருந்தாளிகள் தட்டை எட்டிப் பார்க்கிறது. கன்னியர்கள் நின்று பாடிய இடம் இப்போது மதுபான பார். அதன் தரையிலிருந்தே கல்லறைக்கு இறங்கப் படி இருக்கிறது.

எங்களுக்கு ஊர் சுற்றிக்காட்டிய பையன் நன்றாகப் பேசினான். கன்னியர்களைப் பற்றி அரை மணி நேரம் சொன்னான். 1861-ல் கொலம்பிய அரசு திருச்சபைச் சொத்துகளைக் கையகப்படுத்தியபோது அவர்கள் வெளியேறினார்களாம். பிறகு போகிற போக்கில், "அதற்கப்புறம் சிறை, மருத்துவமனை, 1995-லிருந்து ஹோட்டல்" என்று முடித்துவிட்டான். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மருத்துவமனையா? ஆமாம், ஏழைகளுக்கான மருத்துவமனை, நெடுங்காலம் நடந்தது, மருத்துவ மாணவர்கள் இங்கேதான் கற்றார்கள் என்று மகள் செல்போனில் தேடிப் படித்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தத் தாழ்வாரம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது, ராணி. காற்று வரும் பக்கம் எது, கட்டில் எந்தச் சுவரோரம் போட்டிருப்பார்கள், நர்ஸ் மேஜை எங்கே இருந்திருக்கும் என்றே கண் போனது. வடக்கு மூலையில் இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வழக்கம்போல முழிப்பு வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வந்தேன். காவலுக்கு நின்றவர் வழி தவறிவிட்டேன் என்று நினைத்து அறை வரைக்கும் கொண்டுவந்து விட்டார், பாவம். இருட்டில் எத்தனை பேர் "சிஸ்டர், தண்ணி" என்று கூப்பிட்டிருப்பார்கள் அந்த இடத்தில்? அந்தக் குரலுக்கு எழுந்து போனவள் யார்? கன்னியர்களைப் பற்றி அவ்வளவு தெரிகிறது, கட்டடத்தின் கல்லைப் பற்றி, மரத்தைப் பற்றி எல்லாம் தெரிகிறது. அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மறுநாள் காலையில் அறை சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாள். நாற்பது வயசு இருக்கும், நல்ல கறுப்பு, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். மகள் மாநாட்டுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் நாற்காலியில். அவள் விரிப்பை உதறிப் போட்டாள். கால் பக்கம் மெத்தைக்கு அடியில் செருகினாள். பக்கவாட்டுத் துணியை முக்கோணமாகத் தூக்கி மெத்தைமேல் வைத்து, தொங்குவதை உள்ளே தள்ளி, தூக்கியதைக் கீழே இறக்கி மறுபடியும் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். நம் மூலை மடிப்பேதான்! நம் வார்டுப் பெரிய சிஸ்டர் வந்து பார்த்திருந்தால் அவளுக்கு மட்டும் விரிப்பை உருவிப் போட்டிருக்க மாட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய் எதிர்ப்பக்க மூலையை நான் பிடித்தேன். முதலில் வேண்டாம் வேண்டாம் என்று கை அசைத்தாள். நான் மடித்ததைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டாள். இரண்டு பேருமாக இழுத்துக் கட்டியபோது ஒரு சுருக்கம் இல்லை. நீ எதிரில் நின்ற மாதிரியே இருந்தது.

செல்போன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, நான் நர்ஸாக இருந்தவள் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பாட்டி இந்தக் கட்டடத்தில்தான் காய்ச்சலோடு வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தாராம். பிழைத்து வீட்டுக்குப் போனாராம். "பாட்டியைப் பார்த்துக்கொண்டவர்கள் யார்?" என்று கேட்டேன். தெரியாது என்றாள். "நல்லவர்கள் என்று பாட்டி சொல்வார்" என்றாள். அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதற்குக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள். இந்த ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே கார்சியா மார்க்கேஸின் வீடு இருக்கிறது. நோபல் பரிசு வாங்கியவர், உன் மருமகன் அலமாரியில் இருப்பார். இளம் வயதில் இந்த ஊர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். அவருடைய அஸ்திகூட இங்கேதான் ஒரு பழைய மடத்தின் முற்றத்தில் இருக்கிறது. 1994-ல் வந்த அவருடைய நாவல் ஒன்று இந்த சாந்தா கிளாரா மடத்தில்தான் நடக்கிறது. அதன் முன்னுரையில், 1949-ல் இங்கே கல்லறைகளைத் தோண்டியபோது ஒரு சிறுமியின் எலும்புகளோடு 22 மீட்டர் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்பட்டைக் கூந்தல் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். செத்த பிறகும் முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்று மேஸ்திரி சொன்னாராம். வளராது என்று உனக்கும் எனக்கும் தெரியும், தோல் சுருங்குவதால் அப்படித் தெரிகிறது. அது கதைக்காரர் சமாசாரம், விடு. என்னைப் பிடித்து உலுக்கியது அந்தச் சிறுமியின் கதை. பன்னிரண்டு வயசு. சந்தையில் அவளை ஒரு வெறிநாய் கடித்துவிடுகிறது. அவளுக்கு நோயே வரவில்லை. ஆனாலும் பேய் பிடித்திருக்கிறது என்று இந்த மடத்தில் கொண்டுவந்து அடைத்து, பேயோட்டியே கொன்றுவிடுகிறார்கள்.

கதை நடக்கும் காலத்தில் யாரிடமும் மருந்து கிடையாது. பாஸ்டர் முதல் பையனுக்கு ஊசி போட்டது 1885-ல்தானே. நம் காலத்தில் மருந்து இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வரும் ஆட்டுமூளை மருந்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. பிள்ளைகள் நம்மைக் கண்டாலே அலறி ஓடும். நீ சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எத்தனாவது?" என்று அந்தப் பிள்ளைகளையே எண்ணச் சொல்வாய். இப்போது கையில் போடும் ஊசி வந்து, அந்த வயிற்று ஊசியே ஒழிந்துவிட்டது. உன் பேத்தி வயசுக்காரர்களுக்கு இது கட்டுக்கதை மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த உசிலம்பட்டிப் பையன் வந்தபோது ஊசிக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. தனி வார்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? காற்று முகத்தில் பட்டாலே தொண்டை இழுத்தது. வெளியே டம்ளர் சத்தம் கேட்டாலே நடுங்கினான். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது கடைசிவரை, அதுதான் கொடுமை. பக்கத்தில் போக எல்லோரும் தயங்கியபோது நீ கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாய். ஜன்னலுக்குப் போர்வை கட்டினாய். அவனுடைய மாட்டின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பேச வைத்துக்கொண்டிருந்தாய், விடியும்வரை. மறுநாள் நீ யாரோடும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, அந்த முற்றத்தில் உட்கார்ந்து மகள் அந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோனாள். என்னம்மா என்றாள். சொன்னேன். "இதெல்லாம் நீ சொன்னதே இல்லையே" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புனித பீட்டர் கிளேவரின் கோயில் இங்கே நடை தூரத்தில் இருக்கிறது. உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். 1610-ல் வந்த ஸ்பானிய சேசுசபைக்காரர். அடிமைக் கப்பல் வந்ததும் பழமும் மருந்தும் எடுத்துக்கொண்டு இறங்குவாராம், கப்பலின் அடித்தட்டுக்கே. நாற்றத்தில் மற்றவர்கள் நிற்க முடியாத இடத்தில் புண்ணைக் கழுவுவாராம். 1654-ல் இறந்தார், 1888-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள், பீடத்தின் கீழே எலும்புகளை வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் உனக்குப் பங்குச் சாமியார் சொல்லியிருப்பார். ஆனால் அவரோடு கூடவே இறங்கியவர்கள் இருந்தார்கள், ராணி. வந்தவர்கள் பேசும் மொழி அவருக்குத் தெரியாதே. மொழி தெரிந்த ஆப்பிரிக்க அடிமைகள்தான் துபாஷியாக நின்றார்கள், நோயாளியைத் தூக்கினார்கள், துடைத்தார்கள். அதில் அங்கோலாவிலிருந்து வந்த ஆந்திரேஸ் சகாபூச்சே என்பவரின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. எப்படி? கிளேவர் இறந்த பிறகு புனிதர் பட்டத்துக்காக விசாரித்தபோது, அவரையும் கூப்பிட்டுச் சாட்சி கேட்டு எழுதி வைத்தார்கள். எழுதி வைக்காமல் விட்டிருந்தால் அவரும் இல்லை.

இதைத்தான் உன்னிடம் கேட்கவேண்டும் என்றேன். நம் ஆஸ்பத்திரியின் பழைய பிளாக்கை இடித்தாயிற்று என்று போன மாதம் நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒழுகிய கூரை, எலி, போனால் போகிறது என்றிருந்தேன். இப்போது கிடந்து தவிக்கிறேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பெயர்கள் உன் தலையில் அப்படியே இருக்கின்றன. உனக்குத்தான் அந்த ஞாபகசக்தி, கேஸ் ஷீட் பார்க்காமல் கட்டில் நம்பரோடு சொல்வாய். பெரிய சிஸ்டரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது, அதை நினைத்தாலே வேதனையாக இருக்கிறது. ஆயா பாட்டி பிணவறைக்குத் தனியாகத் தள்ளிக்கொண்டு போகும்போது பாடுவாரே, அந்தப் பாட்டு என்ன? கம்பவுண்டர் அண்ணன் எந்த ஊர்? ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கி மாடி ஏறுவாரே, அவர் பெயர்?

ஒரு நோட்டு வாங்கு. அண்ணனைக் கோடு போட்டதாக வாங்கிவரச் சொல். எழுதக் கை நடுங்கினால் நீ சொல்லு, பேத்தி எழுதட்டும். எத்தனை தப்பு விட்டாலும் பரவாயில்லை. தேதி ஞாபகம் இல்லாவிட்டால் வருஷம் போடு, அதுவும் இல்லாவிட்டால் மழைக்காலமா வெயில் காலமா என்று போடு. முதலில் பெயர்கள், அப்புறம் அவரவர் செய்த வேலை. என்னிடம் இருப்பதை நானும் எழுத ஆரம்பித்துவிட்டேன், ஹோட்டல் காகிதத்திலேயே. உசிலம்பட்டிப் பையனைப் பற்றி மட்டும் நீதான் எழுத வேண்டும். அந்த ராத்திரி உள்ளே இருந்தவள் நீ.

பெரிய சிஸ்டர் பெயரை மட்டும் நோட்டுக்குக் காத்திருக்காமல் உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
செல்வி